எடைக்குப் போகும் முதல்: பழைய கார்களும் பழைய போட்டோக்களும்

ஒரு பொருளின் விலை வேறு, பெறுமதி வேறு என்பதை வியாபாரிகளாகிய நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்த முதல் நாளிலேயே படித்துக்கொண்ட பாடம் அது. ஆனால் அந்தப் பாடத்தைக் கடையோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். பின்வளவில் தகரக் கொட்டிலுக்குள் கிடக்கும் வாப்பாவின் பழைய காரும், அலுமாரிக்கு மேலே சூட்கேசுக்குள் கிடக்கும் பழைய போட்டோக்களும் நமது கணக்குப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை. ஒன்று பழைய இரும்பு எடுப்பவரிடம் போகிறது. மற்றது கறையானிடம் போகிறது.

பழங்கதை பேசிப் பெருமூச்சு விடுவதற்காக இந்த வாரம் பேனாவை எடுக்கவில்லை. பழைய கார் மீதுள்ள ஆசை உலகமெங்கும் ஒரு வியாபாரமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அந்த வியாபாரத்துக்கு மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று கார். இரண்டாவது, அந்தக் காரின் கதையைச் சொல்லும் கடதாசிகளும் படங்களும். மூன்றாவது, அதைத் திருத்தத் தெரிந்த கை. மூன்றும் மலைநாட்டில் நம்மிடம் இருந்தன. இன்னும் கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. காரை மட்டும் விற்பவர் ஒருமுறைதான் சம்பாதிப்பார். கடதாசியையும் கைத்திறனையும் காப்பாற்றி வைப்பவர் தன் பிள்ளைகளுக்கும் ஒரு தொழிலை விட்டுச் செல்வார். நான் சொல்ல வருவது இதைத்தான்.

எங்கள் ஊருக்குக் கார் வந்த வழி

தெல்தோட்டை சிறிய பட்டணம். கண்டியிலிருந்து பேராதனை, கலஹா வழியாக வளைந்து வளைந்து ஏறி வரவேண்டும். இந்தச் சின்ன ஊரில் ஒரு காலத்தில் இத்தனை கார்கள் எப்படி இருந்தன என்று வெளியூரார் ஆச்சரியப்படுவதுண்டு. விடை தேயிலையில் இருக்கிறது. எமக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரில் வர்த்தக ரீதியாகத் தேயிலையைப் பயிரிட்டார். அதன்பின் மலை முழுவதும் தோட்டமாயிற்று. தோட்டமிருந்த இடத்தில் துரை இருந்தார். துரைக்குக் கார் இருந்தது. தோட்டங்களுக்கு அரிசி, துணி, சாமான் கொடுத்த நம்மவர்களின் கடைகள் பட்டணத்தில் இருந்தன. துரை ஊர் திரும்பும்போதோ, புதுக் கார் எடுக்கும்போதோ பழைய கார் பட்டணத்துக்கு இறங்கி வந்தது.

யுத்த காலத்தையும் மறந்துவிடக் கூடாது. 1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைக்குக் கொண்டுவந்தார். ஜீப்புகளும் லொறிகளும் கண்டி வீதிகளில் நிறைந்தன. எஞ்சின் திருத்தும் தொழில் அந்த வருடங்களில்தான் மலைநாட்டில் வேர்விட்டது என்று பழைய பாஸ்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. ஆனாலும் மாலை மங்கிய பிறகு மலையூருக்கு பஸ் ஏது? பிரசவமா, பாம்புக்கடியா, அவசரத்துக்கு உதவியது ஹயர் கார்தான். அப்படித்தான் எங்கள் ஊரில் கார் என்பது அந்தஸ்தின் அடையாளமாக இருந்ததைவிடப் பிழைப்பின் கருவியாக அதிகம் இருந்தது.

பிறகு கதவு மூடப்பட்டது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை அது இன்னும் இறுகியது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. எஞ்சியிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் மூட்டை கட்டினார்கள். புதுக் கார் வராத அந்த வருடங்களில், இருந்த கார்களை ஓடவைத்தே தீரவேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. நமது நாட்டில் இத்தனை பழைய கார்கள் உயிரோடு இருப்பதற்கு முதற் காரணம் ரசனை அல்ல, தட்டுப்பாடு. கியூபாவிலும் இதே கதைதான். 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு அமெரிக்காவின் வர்த்தகத் தடை வந்தது. அதற்கு முன் வந்திறங்கிய 1950களின் அமெரிக்கக் கார்களை அந்நாட்டவர் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். ஹவானா நகரில் அந்தக் கார்களில் ஏறிச் சுற்றுவதற்கென்றே உல்லாசப் பயணிகள் காசு கொடுக்கிறார்கள். தட்டுப்பாட்டில் பிறந்ததை அவர்கள் வருமானமாக்கினார்கள். நாம் எடைக்குப் போடுகிறோம்.

போட்டோவுக்குள் என்ன இருக்கிறது

நான் சிறுவனாக இருந்த 1970களின் இறுதியில் எங்கள் கடைத்தெருவில் நின்ற கார்களை இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வேன். ஒஸ்டின் ஏ 40, ஒஸ்டின் கேம்பிரிஜ், மொரிஸ் மைனர், ஹில்மன், பீஜோ 203, நாங்கள் ஆமைக் கார் என்று சொல்லும் வொக்ஸ்வேகன். குளிர்காலத்து விடியற்காலையில் பெட்டரி மக்கர் பண்ணினால், முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் திருப்பி அடித்தால் விரல் போய்விடும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நிற்பதும், தண்ணீர்ப் போத்தலோடு சாரதி இறங்குவதும் கொழும்புப் பயணத்தின் ஒரு பகுதி. யாரும் அதைப் பழுது என்று சொன்னதில்லை.

அக்காலத்துப் போட்டோக்களை எடுத்துப் பாருங்கள். கல்யாண மாப்பிள்ளை காருக்கு முன்னால் நிற்பார். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவரை வழியனுப்ப வந்த ஊரார் காரைச் சுற்றி நிற்பார்கள். போனட்டின் மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பலருக்கு அந்தக் கார் சொந்தமல்ல. போட்டோவுக்காகப் பக்கத்தில் நின்றவர்கள்தான் அதிகம். இருந்தாலும் அந்தப் படம் பல விடயங்களுக்குச் சாட்சி.

ஒரு படத்தின் காலத்தை அறிய ஓரத்தில் திகதி எழுதியிருக்க வேண்டியதில்லை. இலக்கத் தகட்டைப் பாருங்கள். ஈ.என்., ஈ.எல்., சி.என்., சி.வீ. என்று ஆங்கில எழுத்து இருந்தால் அது பழைய பதிவு. 1950களின் பிற்பகுதியில் ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. அந்த எழுத்து நாட்டில் பெரும் அரசியல் கிளர்ச்சியையே உண்டாக்கியது என்பது வேறு கதை. பின்னர் இலக்கங்கள் மட்டும் வந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து மீண்டும் ஆங்கில எழுத்துகள். இனி காரைப் பாருங்கள். மொரிஸ் மைனரின் முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருந்தால் அது 1956இற்கு முற்பட்ட கார். திரும்பும்போது பக்கவாட்டில் கைபோல மேலெழும் சிக்னல் இருந்தால் 1961இற்கு முற்பட்டது. முன் விளக்குகள் மட்காட்டில் இல்லாமல் கீழே கிரிலுக்குள் இருந்தால் அது ஆரம்ப வருடங்களைச் சேர்ந்தது. அதற்குத் தனி மதிப்பு.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று எண்ண வேண்டாம். பழைய கார் வாங்குகிறவர் தகரத்தை வாங்குவதில்லை, கதையை வாங்குகிறார். கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டின் ‘ஸ்டான்டர்ட் நயன்’ கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. சாதாரண மக்களுக்காகச் செய்யப்பட்ட சிறிய கார் அது. ஆனால் 1940இல் கடற்படையில் இளம் அதிகாரியாக இலங்கைக்கு வந்த பிலிப் இளவரசர் 12 பவுணுக்கு வாங்கிய அவரது முதற் கார் என்ற ஒரு வரிக் கதை அதற்கு இருக்கிறது. அந்த ஒரு வரியும், அதை நிரூபிக்கும் ஆதாரமும் இல்லாவிட்டால் அது எப்போதோ உலைக்குப் போயிருக்கும். நமது காருக்கு இளவரசர் தேவையில்லை. முதற் சொந்தக்காரர் யார், எந்தத் தோட்டத்தில் ஓடியது, எந்த வருடம் கைமாறியது, அன்று என்ன நிறம் என்று காட்டும் ஒரு படமும் பதிவுப் புத்தகமும் போதும்.

எங்கள் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரியவர் மௌத்தான பிறகு வளவைத் துப்புரவு செய்த பிள்ளைகள், கொட்டிலில் கிடந்த மொரிஸ் காரைப் பழைய இரும்பு எடுப்பவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிவுப் புத்தகம் பழைய பில்களோடு சேர்ந்து குப்பையில் எரிந்தது. சில மாதங்களுக்குப் பிறகு கொழும்பிலிருந்து ஒருவர் தேடி வந்தார். அவர் கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதே காரின் முன்னால் அவருடைய மூத்த வாப்பா நிற்கிறார். அந்தக் காரின் முதற் சொந்தக்காரர் அவர்தான். கேட்ட விலை கொடுத்து வாங்கவே வந்திருந்தார். பிள்ளைகளிடம் அவருக்குக் காட்ட ஒரு இலக்கத் தகடுகூட மிஞ்சவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அது யானையை யானை என்று அறிந்தவனுக்குத்தான்.

திருத்தக்கூடியதாகச் செய்யப்பட்ட பொருள்

அந்தக் கார்கள் ஐம்பது, அறுபது வருடம் ஓடியதன் இரகசியம் என்ன? அக்காலத்து இரும்பு நல்ல இரும்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். துருப் பிடிப்பதில் மொரிஸ் மைனர் யாருக்கும் சளைத்ததல்ல. உண்மையான காரணம், திருத்தக்கூடியதாக அது செய்யப்பட்டிருந்தது என்பதே.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. மாதிரி வண்டி தயாரான பிறகு, அகலம் போதாது என்று அவருக்குப் பட்டது. காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். பம்பர்கள் ஏற்கனவே செய்து முடிந்திருந்தன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்துப் பொருத்தினார்கள். போனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. செய்தவர்களே வெட்டி ஒட்டிய கார் என்றால், திருத்துகிறவனுக்குப் பயமெதற்கு? பத்து இலட்சத்தைத் தொட்ட முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெயரையும் அது பெற்றது.

1952இல் ஒஸ்டினும் மொரிசும் ஒரே கம்பனியாக இணைந்தன. அதனால் ஒஸ்டினுக்கென்று செய்த சிறிய எஞ்சின் மொரிசுக்கும் வந்தது. 803 சீசீயில் தொடங்கி, 1956இல் 948, 1962இல் 1098 என்று வளர்ந்தாலும் அடிப்படை ஒன்றே. அதே வழிவந்த எஞ்சின்தான் பின்னர் மினி காரிலும் ஓடியது. ஒரு காரின் சாமான் இன்னொரு காருக்குப் பொருந்தும் என்றால் வியாபாரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் நம்மவர்கள் கட்டிய வியாபாரத்தின் அத்திவாரம் இதுதான். எது எதற்குப் பொருந்தும் என்ற அறிவு அச்சிட்ட புத்தகத்தில் இருக்கவில்லை. கடைக்காரரின் மனதில் இருந்தது.

கராஜில் இருந்த பாஸின் அறிவும் அப்படித்தான். பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் பெட்டரியின் நேர்முனைதான் பொடியோடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய கார்களில் எதிர்முனை. அது தெரியாத இளைஞர் ஒருவர் இன்றைய பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் வயரிங்கும் மீட்டரும் நாசமாகலாம். ஆணிகளின் புரி அளவும் அப்படி. ஜப்பான் கார்களின் மில்லிமீட்டர் ஸ்பெனர் அங்குல ஆணியில் சரியாகப் பிடிக்காது. பலவந்தம் பண்ணினால் தலை மழுங்கிவிடும். எஸ்.யூ. கார்பரேட்டரின் மேல் மூடியைக் கழற்றி அளவாக எண்ணெய் விடவேண்டும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்ட பிறகு பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளைக் கவனிக்க வேண்டும் என்பதும் ஒரு பாஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தகரத்தைத் தட்டி மட்காட் செய்யும் டிங்கரிங் பாஸ், ஆசனத்துக்குக் குஷன் தைப்பவர், நிக்கல் பூசுபவர், ரேடியேட்டர் அடைப்பவர், மர வேலை செய்பவர் என்று ஒரு காரைச் சுற்றி ஐந்தாறு குடும்பங்கள் பிழைத்தன. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதம் அந்தக் கராஜ்களில் இருக்கவில்லை. கை அழுக்கு எல்லோருக்கும் ஒரே நிறம்.

திறந்த கதவும் மூடிய கதவும்

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பான் கார்கள் வந்தன. டட்சனும் டொயோட்டாவும் விடியற்காலையில் சாவியைத் திருப்பியதும் உயிர்பெற்றன. கைப்பிடி சுற்றிய சாரதிக்கு அது பெரும் நிம்மதி. அதைக் குறை சொல்ல முடியாது. நம்மவர்களும் மீள்புதுப்பித்த வாகனங்களைக் கொண்டுவந்து விற்று நல்ல நிலைக்கு வந்தார்கள். ஆனால் ஒரு மாற்றம் மெல்ல நடந்தது. திருத்துவது குறைந்தது, மாற்றுவது கூடியது. பழுதான சாமானைக் கழற்றி எறிந்து புதிதைப் பூட்டுகிறவருக்குப் பெயர் பாஸ் என்றாயிற்று. தகரம் தட்டுகிறவரின் மகன் மத்திய கிழக்குக்குப் போனான், அல்லது முச்சக்கர வண்டி வாங்கினான்.

பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தது. கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் வாங்கிய அந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். புது வாகனமும் இல்லை, சாமானும் இல்லை. அப்போது யாரைத் தேடி ஓடினோம்? ஓரங்கட்டிய அதே பழைய பாஸ்மாரை. கழற்றி எறியாமல் கடைந்து, ஒட்டி, தட்டிச் சரிசெய்யத் தெரிந்தவர்களிடம் வரிசையில் நின்றோம். ஐந்து வருடங்களின் பின் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. கதவு திறந்ததும் பாஸை மறுபடி மறந்துவிடுவோமா என்பதுதான் என் கவலை. இந்த நாட்டில் அந்தக் கதவு இரண்டு முறை மூடியதை என் வயதிலுள்ளவர்கள் கண்டுவிட்டோம். மூன்றாம் முறை மூடாது என்று எந்த வியாபாரியும் எழுதித் தரமாட்டார்.

இலங்கையில் தட்டிய தகரம் இங்கிலாந்துக்குப் போன கதை

கைத்திறனை ஏற்றுமதி செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். இங்கிலாந்தில் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர் 1976இல் மொரிஸ் மைனர் கார்களைத் திருத்தி விற்கும் நிலையமொன்றைத் தொடங்கினார். சில வருடங்களுக்கொருமுறை புதுக் கார் வாங்கி நட்டப்படுவதைவிட, நல்லதொரு காரைத் தொடர்ந்து பராமரித்து வைத்திருப்பதே நீண்டகாலத்தில் இலாபம் என்பது அவரது வாதம். அவருடைய பெரிய பிரச்சினை உதிரிப்பாகம். 1970களின் தொடக்கத்திலேயே மைனர் உற்பத்தி நின்றுவிட்டது. தகடுகளைக் கையால் செய்பவர்கள் அங்கே அருகிவிட்டார்கள், இருந்தவர்களின் கூலியோ கட்டுப்படியாகாது.

விடை இலங்கையில் கிடைத்தது. தனபால சமரசேகர என்ற நம் நாட்டவரோடு சேர்ந்து, 1990களின் தொடக்கத்தில் ‘டியூரபிள் கார் கம்பனி’ என்ற பெயரில் இங்கே மொரிஸ் மைனருக்கான பாகங்களைச் செய்யத் தொடங்கினார்கள். எந்த நாடு அந்தக் காரைச் செய்து நமக்கு விற்றதோ, அதே நாட்டுக்கு அதன் தகடுகளை நாம் செய்து அனுப்பினோம். சொல்லப்போனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் நமது பாஸ்மார் படித்த படிப்புக்குக் கிடைத்த சான்றிதழ் அது.

பக்கத்து இந்தியாவையும் பாருங்கள். மொரிஸ் ஒக்ஸ்போர்ட் காரின் வழிவந்த அம்பாசிடரை ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை செய்தது. தொழிற்சாலை நின்ற பிறகும், 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்சின் பீஜோ கம்பனி 80 கோடி இந்திய ரூபா கொடுத்து வாங்கியது. இரும்பு நின்றுபோனாலும் நினைவுக்கு விலை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சிலர் கேட்கும் கேள்விகள்

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கெதற்கு என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். பொழுதுபோக்கு அவருடையது, கூலி நம்முடையது. ஒரு காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மாதக்கணக்கில் வேலை இருக்கிறது. அந்தப் பணம் டிங்கரிங் பாஸுக்கும் குஷன் தைப்பவருக்கும் சாமான் கடைக்கும் பிரிந்து போகிறது. கல்யாண வீடுகளுக்குப் பழைய காரை அலங்கரித்து வாடகைக்கு விடும் தொழில் நகரங்களில் நடக்கிறது. 2024இல் இருபது இலட்சத்துக்கும் அதிகமான உல்லாசப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களில் ஏராளமானோர் கண்டிக்கு வருகிறார்கள். வர்த்தக ரீதியாகத் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர மலைக்கு அந்தக் காலத்துக் காரிலேயே ஏறிப்போகலாம் என்றால் விரும்பாதவர் யார்? நமது இளைஞர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இது.

அப்படியானால் இருக்கும் காசைப் பழைய காரில் போடலாமா என்று இன்னும் சிலர் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். பழையதெல்லாம் பொன்னல்ல. பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம், குறைந்தது 30 வருடப் பழமை, வரலாற்றுக்கு ஏற்ற நிலையில் பாதுகாப்பு, அன்றாடப் பாவனையில் இல்லாமை என்று அளவுகோல் வைத்திருக்கிறது. எஞ்சினையும் கியரையும் ஜப்பான் காரிலிருந்து மாற்றி, கதவுக்கு வேறு பிடி போட்டு, கண்ட கண்ட நிறம் பூசிய கார் ஓடுவதற்கு உதவலாம். சேகரிப்பவர் அதற்கு மேல்விலை தரமாட்டார். இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் எதற்கும் விலை ஏறியது. அந்த விலை தட்டுப்பாட்டின் விலை. அதைப் பழமையின் விலை என்று எண்ணி வாங்கியவர்களின் கை சுட்டுவிடும்.

மூன்றாவது விடயம் நாணயம். கார் ஒன்று, பதிவுப் புத்தகம் வேறொன்று என்று ஒட்டி விற்கும் மோசடி இந்தத் துறையில் உண்டு. செத்துப்போன காரின் புத்தகத்தை விலைக்கு வாங்கி, அந்த இலக்கத்தை இன்னொரு வண்டிக்குப் போடுவார்கள். செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவையும் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். விற்கிறவரும் துருவை பட்டியால் மூடி பெயின்ட் அடித்து மறைக்க வேண்டாம். பொருளின் குறையைச் சொல்லி விற்பது நமக்கு மார்க்கம் விதித்த கடமை. அதோடு, பழைய கார் உலகம் சின்னது. ஒருவரை ஏமாற்றினால் நாலு பேருக்குத் தெரிய நாலு நாள் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, வீட்டிலுள்ள பழைய படங்களை வெளியே எடுங்கள். பார்த்துச் சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே படத்திலிருப்பவர் யார், இடம் எது, கார் யாருடையது என்று கேளுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை சில காலத்தில் முன்பக்கத்துக்கும் ஊறிவிடும். ஸ்கேன் செய்து ஒரு பிரதியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து வையுங்கள். காரை விற்றால் படத்தின் பிரதியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கார் ஓடாவிட்டாலும் பதிவுப் புத்தகம், பழைய வருமான உத்தரவுப்பத்திரங்கள், கராஜ் பில்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். பழைய இரும்பு எடுப்பவரைக் கூப்பிடுமுன் விடயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கொழும்பில் பழைய கார் பிரியர்களின் கழகங்கள் இருக்கின்றன. ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் செலவு பெரிதல்ல.

மூன்றாவதுதான் மிக முக்கியம். நமது ஊர்களில் எஞ்சியிருக்கும் பாஸ்மாரின் கையில் பிள்ளைகளைக் கொடுங்கள். 1959இல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய ஜெர்மன் டெக் நிறுவனத்தில் இடம் கிடைக்காதவர்கள் நிறையப் பேர். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட நமது பையன்கள் கடை வாசல்களில் தொலைபேசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அனுபவத்தால் கற்றவர்களைப் பரீட்சித்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இன்று அரசாங்கத்திடம் இருக்கிறது. எழுத்துக்குப் பயந்து ஒதுங்கியிருக்கும் வயதான பாஸ் ஒருவருக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது நமது வர்த்தக சங்கங்களுக்குப் பெரிய வேலையா? அவரிடம் இரண்டு பையன்கள் வேலை பழகும்வரை அவர்களின் பஸ் காசையும் பகல் சாப்பாட்டையும் இரண்டு கடைக்காரர்கள் பொறுப்பேற்க முடியாதா?

கடை திறப்பு விழாக்களுக்கும் வரவேற்புப் பதாதைகளுக்கும் நாம் செலவழிக்கும் தொகையில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். பழைய மொரிஸ் காருக்கு இன்றும் எங்கிருந்தோ ஒரு மட்காட் கிடைத்துவிடும். அதைத் தட்டிப் பொருத்தத் தெரிந்தவரை பஞ்சிகாவத்தை முழுவதும் தேடினாலும் கடையில் வாங்க முடியாது. அவர் நமது பக்கத்துத் தெருவில் இருக்கிறார், வயதும் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஜும்ஆவுக்குப் போகும்போது பள்ளிவாசல் முற்றத்தில் அவரைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல், இத்தனை வருடத்தில் யாருக்காவது இந்த வேலையைப் பழக்கிக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.